நீராய்ப் போகும் வயிற்றோட்டம்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லிலிருந்து தாயொருவர் நமக்கு எழுதியிருக்கிறார். மாரி தொடங்கிக் கிணறு நிரம்பிய கிழமையில் அவரது இளைய மகனுக்கு வயிறு நீராய்ப் போயிற்றாம். தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் குவளையைப் பறித்து வைத்துவிட்டார்களாம். நோயின் காரணம் என்ன, பெரியவர்கள் செய்தது சரியா என்று கேட்கிறார்.

பின்னைய கேள்விக்கே முதலில் விடையிறுப்போம்: சரியன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லீற்றர் நீர் நமது குடலுக்குள் வருகின்றது. நாம் உண்பதும் குடிப்பதும் அதில் 2 லீற்றரளவே. எஞ்சியது உமிழ்நீர், பித்தநீர் முதலிய உடற்சுரப்புகள். குடல் இதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சுதல் குறைந்தாலும் சுரப்பு மிகுந்தாலும் நீர் வெளியேறும். குவளையைப் பறிப்பதால் அது நில்லாது, உடல்தான் வற்றும்.

இனிக் காரணங்கள். சிறு குழந்தைகளிடம் வைரசுக் கிருமிகளே முதற் குற்றவாளிகள். அவற்றுள் பேர்போன ரோட்டா வைரசு 1973இல் மெல்பேர்ணில் கண்டறியப்பட்டது. அசுத்த நீரிலும் பழைய உணவிலும் வளரும் பக்டீரியாக்கள் அடுத்தவை. சிலருக்குப் பாலிலுள்ள சீனி செரிப்பதில்லை. சிலருக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தே வயிற்றைக் கலக்கும். முதியோரிடம் வாரக்கணக்கில் நீடித்தால் நீரிழிவு மருந்து, தைரொயிட்டுச் சுரப்பி, பித்தப்பை அகற்றிய சத்திரசிகிச்சை ஆகியவற்றையும் வைத்தியர் விசாரிப்பார்.

இவற்றுள் கொடியது வாந்திபேதி. அதன் கிருமி குடலைப் புண்ணாக்காமலே தன் நஞ்சினால் நீரைக் கொட்டச் செய்கிறது என்பதை, 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே முயலின் குடலைக் கொண்டு நிறுவினார். வியப்பு யாதெனில், அந்நிலையிலும் சீனியும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றோடு நீரையும் உள்வாங்கும். 1971இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்தபோது, திலீப் மகாலனபிஸ் இக்கரைசலையே பீப்பாய்களில் வைத்துக் குடிப்பித்தார். நூற்றுக்கு 30 வரையிருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கிற்று.

அதனை ஓ.ஆர்.எஸ். என்பர், ஓர்ஸ் ஹில் வாசகிக்கு இப்பெயர் மறவாது! நம் நாட்டில் ஜீவனி என்ற பெயரிலும் கிடைக்கும். பொட்டலம் கிட்டாவிடின், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு முறை போன பின்பும் சிறுகச் சிறுகப் பருக்குக. வாந்தியெடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குக. மிஞ்சியதை மறுநாள் வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலையோ கஞ்சியையோ நிறுத்த வேண்டாம். வயிற்றைக் கட்டும் மாத்திரை குழந்தைக்கு ஆகாது.

மலத்தில் இரத்தம், குழிந்த கண், சிறுநீரின்மை, ஓயாத வாந்தி, குடிக்கவும் எழாத சோர்வு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

கிணற்றையும் மறக்கலாகாது. மேட்டு நிலத்துக் கிணறாயினும் மலக்குழி அருகிருந்தால் மாரியில் கெடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் இடுவித்தல் நன்று. அதுவரை குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்தே கொடுக்கவும்.