கொடும்பாவிக்கு யார் முகம்?

மழை பொய்த்த வருடங்களில் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். மூங்கிலும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய உருவம். பழைய புடவையைச் சுற்றி, கரியால் கண்ணும் பல்லும் எழுதி, கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பறை முழங்கும். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். மகன் முறைக்கு ஒருவர் கொள்ளிச்சட்டி தூக்குவார். இந்த ஒப்பாரியில் செத்தவர் பெருமை இருக்காது. நீ செத்தால்தான் மழை பெய்யும் என்ற ஏச்சு இருக்கும். அழுகை நடுவிலேயே யாராவது ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல, தெருவே சிரிக்கும். சுடுகாட்டில் எரித்துவிட்டுத் தலைமுழுகி வீடு திரும்புவார்கள்.

மழைச்சோறு எடுப்பதும் இதே வகைதான். பெண்கள் வீடுவீடாகப் போய் உப்பில்லாத சோறும் கஞ்சியும் வாங்கி, ஒன்றாகக் கலந்து பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஊரே பிச்சைக்கு இறங்கிவிட்டது, ஊரைவிட்டே போகிறோம் என்று வானத்துக்குக் காட்டும் நடிப்பு அது. பட்டினி நிஜமாகவே வாசலில் நிற்கும்போது பட்டினியை நடித்துக் காட்டிய மக்கள் இவர்கள்.

இன்று அச்சத்தின் அளவு மாறிவிட்டது. ஒரு வருட மழையைப் பற்றிய கவலை, மனித இனமே மிஞ்சுமா என்ற கவலையாக வளர்ந்திருக்கிறது. 2021-ல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்திய ஆய்வொன்று லான்செட் குழும இதழில் வெளிவந்தது. எதிர்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றவர்கள் 75 சதவீதம். மனித குலம் அழிவை நோக்கித்தான் போகிறது என்றவர்கள் 56 சதவீதம். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். நாள் பார்த்து விதைத்த மண்ணில் இனி எந்த நாளை நம்புவது என்று தெரியவில்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரு தலைமுறை வளர்த்த தென்னையை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போனது. பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு எப்படி வாழ்வது என்பதுதான் கேள்வி.

2016-ல் மேட்டூர் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது. பிறகு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. சம்பா கதிர் கட்டாமலே கருகியது. கருகிய வயலைப் பார்த்து நெஞ்சடைத்து இறந்தவர்களும், தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் காவிரி டெல்டாவில் உண்டு. 2017 ஜனவரி 10-ல் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. மார்ச் 14-ல் அய்யாக்கண்ணு தலைமையில் தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கத்தார் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மண்டையோடுகளை முன்னால் பரப்பினார்கள். எலியை வாயில் கவ்வினார்கள். பாதித் தலையும் பாதி மீசையும் மழித்துக்கொண்டார்கள். சேலை கட்டினார்கள். தார்ச்சாலையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்றார்கள். ஒருவரைப் பிணமாகக் கிடத்திச் சாவுச் சடங்கு செய்தார்கள். 41 நாள் இப்படி நடந்தது.

கூத்தடிக்கிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். விவசாயிக்கு இது கௌரவமா என்று கேட்டார்கள். அது கொடும்பாவி இழுத்தவர்களின் வாரிசுகள் செய்தது. பிணமாகப் படுத்தவர் எழுந்து தண்ணீர் குடிக்கையில் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதாலும் சிரித்தார்கள். தூக்குக் கயிற்றைத் தனியாக வீட்டில் தேடவேண்டிய துயரத்தை நாலு பேர் நடுவே நடுத்தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் அந்தப் போராட்டம் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறோம். கோரிக்கைகள் என்ன ஆயின என்ற கணக்கு வேறு.

தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) சீமையே செத்துக் கிடந்தபோதும் தமிழ் சிரித்திருக்கிறது. வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' அந்தப் பஞ்சத்தைப் பாடிய நூல். பசியால் வாடியவர்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் தம்மால் முடியாது என்று சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். பஞ்சத்துக்கு யாரிடம் பதில் கேட்கவேண்டும் என்பதை அந்த நகைச்சுவை தெளிவாகக் காட்டிவிடுகிறது.

யாரிடம் பதில் கேட்பது என்ற இந்த இடத்தைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "எல்லாம் அழியப்போகிறது, எதற்குப் படிக்க, எதற்குக் கடன் கட்ட" என்று கைப்பேசியில் சுற்றும் சிரிப்பில் பாவி என்று யாருமே இல்லை. மனித குலம் அழியும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எண்ணெய் நிறுவன முதலாளியும் நடவு நடும் பெண்ணும் ஒரே குற்றவாளி ஆகிவிடுகிறார்கள். சராசரி அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். சராசரி இந்தியர் 2 டன் அளவுக்கு. கடைமடையில் கூலிக்குப் போகிறவர் பங்கு அதிலும் சொற்பம். கொடும்பாவிக்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தை எழுதும்போது கை நடுங்கக் கூடாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளியவர் முகம் அதில் வரலாம். வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டவர் முகமும் வரலாம். தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்தும் மீத்தேன் கிளம்புகிறது, ஆகவே நம் முகத்திலும் ஒரு கோடு வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும் என்பது நம் விவசாயிகளுக்குப் புதிய செய்தி இல்லை.

பழைய வழக்கத்தை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாடவும் நாங்கள் தயாராக இல்லை. கொடும்பாவிக்குப் பல ஊர்களில் பெண் உருவம்தான். ஊரின் பாவத்தை ஒரு பெண்ணுடம்பில் ஏற்றி எரித்தார்கள். பறையடிக்கச் சேரியிலிருந்து ஆள் வரவேண்டும். இன்றும் நிவாரணம் வரும்போது பட்டாதாரர் பெயருக்கு வரும். குத்தகைக்காரரும் கூலிக்காரரும் வெறுங்கையோடு நிற்பார்கள். எல்லோரும் சேர்ந்து சிரிக்கவேண்டுமானால் அந்தக் கணக்கும் நேராகவேண்டும்.

சேர்ந்து சிரிப்பது எப்படி என்று தெரிய, நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் அடைமழையில் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்திவைத்த குவியல். படுதாவைத் தூக்கினால் ஆவி அடிக்கும். நெல் வெள்ளையாக முளைவிட்டிருக்கும். "மாமா, நாத்தங்கால் இங்கேயே ஆயிடுச்சு, நடவுக்கு ஆள் சொல்லிவிடட்டுமா?" என்பான் ஒருவன். "சொல்லுடா மாப்ள, அப்படியே மூட்டைக்கு எவ்வளவு குடுக்கணும்னும் கேட்டு வை" என்பார் குவியலுக்குச் சொந்தக்காரர். பக்கத்துக் குவியல்காரர்கள் சிரித்துக்கொண்டே வந்து, படுதாவின் நாலு முனையையும் பிடித்து நெல்லைக் கிளறிவிட உதவுவார்கள்.

வறட்சி, வெள்ளம், புயல் காலங்களில் உங்கள் ஊரில் பாடிய கொடும்பாவிப் பாட்டு, மழைச்சோற்றுப் பாட்டு, கட்டியங்காரன் பேச்சு, களத்துமேட்டுக் கிண்டல் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் முகத்தை எழுதினார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் முதல் பக்கங்கள் அதற்குத்தான்.