ஊரைப் பார்த்துக் குழு பிரிக்காதீங்க

கற்பிட்டியில இருந்து சிலாபம் வரைக்கும் 16 உதைபந்தாட்ட அணிகளைச் சேர்த்து ஒரு லீக் வைக்கிறோம் என்று வைங்க. எல்லாரும் எல்லாரோடயும் ஒரு தடவை மோதினா 120 மெச். அவ்வளவுக்கு மைதானமும் கிடைக்காது, நாளும் கிடைக்காது. எட்டெட்டா இரண்டு குழுவாப் பிரிச்சா 56 மெச்தான். ஒரு குழுவுல எல்லாருக்கும் அதே எதிரணிகள். "எங்களுக்கு மட்டும் ஏன் பெரிய டீம்?" என்று யாரும் கேட்க ஏலாது.

ஆனா வடக்கு ஒன்று, தெற்கு ஒன்று என்று ஊர் பார்த்துப் பிரிச்சா வேன் காசு மிஞ்சும், நியாயம் மிஞ்சாது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல்ல எஸ்.ஈ.சி. கூட்டமைப்பு 1992ல கிழக்கு, மேற்கு என்று பிரிஞ்சது. 2009 முதல் 2016 வரை எட்டு வருசமும் கிண்ணம் மேற்குக்கே போனது. கிழக்குல முதலிடம் சுலபம். மேற்குல இரண்டாவதா வந்த நல்ல அணிக்கு இறுதிப் போட்டியே இல்லை. 2024ல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க.

நாங்க பிரிப்போம், ஆனா போன வருச நிலையைப் பார்த்து. முதலாவது அணி ஒரு குழுவுல, இரண்டாவது மற்றதுல. மிச்சம் எல்லார் முன்னாலயும் சீட்டுக் குலுக்கி. குழுவுக்கு இரண்டு அணி அரையிறுதிக்குப் போகட்டும்.

ஒரு நாள் கடல் தொழிலை விட்டுட்டு ஆட வாற பொடியனுக்கு அட்டவணையாவது நேர்மையா இருக்கணும்.