கேரியரைக் கழட்டி வை மாமு!

ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை எழுதப் போறீங்களா? மாடுலேஷன் பாடத்துல பல பேர் முழி பிதுங்கி நிக்கிற இடம், எஸ்.எஸ்.பி. அதை ஒரு டிபன் கேரியரை வெச்சே முடிச்சுடலாம், வாங்க.

ஏ.எம்.ல உங்க பேச்சு தனியாப் போகாது. நடுவுல கேரியர் அலை, ரெண்டு பக்கமும் சைடுபேண்ட். ஒரே ஒரு டோனை 100 சதவிகிதம் மாடுலேட் பண்ணி 150 வாட் அனுப்பினா, அதுல 100 வாட்டைக் கேரியரே முழுங்கிடும். சைடுபேண்டுக்குத் தலா 25 வாட்தான். அந்த ரெண்டு டப்பாவுலயும் இருக்கிறது ஒரே சாம்பார் சாதம்!

அப்போ ஒரு டப்பா போதுமே? அதுதான் எஸ்.எஸ்.பி. கேரியர் கட், ஒரு சைடுபேண்ட் கட். மொத்த பவரும் பேச்சுக்கே. சுமார் 6 கிலோஹெர்ட்ஸ் அடைச்ச இடம் 3 ஆயிடும். கழட்டின கேரியரை ரிசீவர் தானே உருவாக்கிச் சேர்த்துக்கும். ட்யூனிங் கொஞ்சம் தள்ளிப்போனா வாத்துக் குரல்தான்! பொதுவா 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே லோயர் சைடுபேண்ட், மேலே அப்பர்.

இதெல்லாம் மார்க்குக்கு மட்டும்தானா? 2004 டிசம்பர் 26, சுனாமி. அந்தமானோட தொலைபேசித் தொடர்பு அறுந்தப்போ, போர்ட் பிளேர்ல ரேடியோ செட்டோட இருந்தவர் பாரதி பிரசாத். சொந்தங்களைத் தேடித் தவிச்சவங்களுக்குத் தகவல் போனது அவரை மாதிரி ஹாம்கள் மூலமாத்தான். பேட்டரியை நம்பிப் பேசுற அந்த மாதிரி நேரத்துல, காலி கேரியருக்குக் கொடுக்க யார்கிட்டே வாட் இருக்கு?

அடுத்த வாரம்... எஃப்.எம்.!