சந்தையைப் போதிப்போரும் அச்சங்குளமும்

கடை வைத்து வாணிபம் செய்வோரை நாம் அறிவோம். கடல் கடந்து பொருள் ஈட்டுவோரையும் அறிவோம். ஆனால் தாமாக ஒரு சரக்கும் விற்காமல், விற்பதும் வாங்குவதும் தடையின்றி நடைபெற வேண்டும் என்று ஊருக்கு எடுத்துரைப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் உளர். அவர்களை நம்மில் பலர் அறியார். இலாப நோக்கமற்ற கல்வி நிறுவனங்கள் என்னும் பெயரில் அவர்கள் இயங்குகின்றனர். கல்லூரி மாணவர்க்குப் பயிற்சி முகாம் நடத்துகின்றனர். சிறு நூல்கள் அச்சிடுகின்றனர். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஆலோசனைக் குறிப்புகள் வழங்குகின்றனர். வணிகவியலும் பொருளாதாரமும் கற்று வெளிவரும் நம் பிள்ளைகளும் இன்று அம்முகாம்களுக்குச் செல்லத் தொடங்கிவிட்டனர். ஆகவே அங்கே என்ன போதிக்கப்படுகிறது, என்ன விடுபடுகிறது என்பதைக் கேட்டறிவது பெற்றோராகிய நம் கடமையாகிறது.

இக்கூட்டத்தாரின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் 1946-இல் லியோனார்டு ரீட் என்பவர் பொருளாதாரக் கல்விக்கென ஓர் அறநிறுவனம் தொடங்கினார். இலண்டனில் 1955-இல், கோழிப் பண்ணைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஆண்டனி பிஷர், பேராசிரியர் ஹாயெக்கின் கருத்துகளால் கவரப்பட்டு மற்றொன்றைத் தொடங்கினார். நம் நாட்டில் 1956-இல் ஏ.டி. ஷ்ராப் பம்பாயில் ‘போரம் ஆப் பிரீ எண்டர்பிரைஸ்’ என்னும் மன்றத்தை நிறுவினார். 1997-இல் தில்லியில் பார்த் ஷா நிறுவிய ‘சென்டர் பார் சிவில் சொசைட்டி’ அவ்வழியில் வந்ததே.

இவர்களைக் கண்டிக்கப் புகுவோர் பலரும் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. ‘முதலாளிகளின் கூலிகள்’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவதே அது. அவ்வழியை நாம் ஏற்கவில்லை. அது நியாயமும் அன்று, உண்மையும் அன்று. பம்பாய் மன்றத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் விளங்கிய நானி பால்கிவாலா, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி ஆற்றிய உரையைக் கேட்கத் திரண்டோர் முதலாளிகள் மட்டும் அல்லர். தொடக்கத்தில் ஒரு சிறு கூடத்தில் நடந்த கூட்டம் பின்னாளில் கிரிக்கெட் மைதானத்துக்கே மாற வேண்டியதாயிற்று. அம்மன்றத்தின் தூணாக இருந்த எம்.ஆர். பாய், வங்கியில் பணம் போட்ட எளியவர்களின் குறைகளுக்காகவும் தொலைபேசிச் சந்தாதாரர்களின் குறைகளுக்காகவும் ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். நடைபாதை வியாபாரிகளும் ரிக்சாக்காரர்களும் படும் தொல்லைகளை எடுத்துரைத்ததில் தில்லி நிறுவனத்தாருக்குப் பங்குண்டு. நடைபாதை வியாபாரிகளுக்கென 2014-இல் சட்டம் வந்தபோது அதனை வரவேற்றோருள் நாமும் இருந்தோம்.

உரிமமும் உத்தரவுச் சீட்டும் மனிதனை எப்படி வாட்டும் என்பதை வணிகச் சமுதாயத்தினராகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1952-இல் இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராக வந்து உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். அதனால் சிறு வியாபாரியும் உழவரும் விட்ட நிம்மதிப் பெருமூச்சைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே சந்தையின் பகைவராக நின்று நாம் இதனை எழுதவில்லை. சந்தையைப் போதிப்போர் சந்தையைப் பற்றிப் பாதி உண்மையை மட்டுமே போதிக்கின்றனர் என்பதே நம் குற்றச்சாட்டு.

அவர்களுடைய பாடசாலைகள் அனைத்துக்கும் அரிச்சுவடி போன்றது, லியோனார்டு ரீட் 1958-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. ஒரு பென்சில் தன் வரலாற்றைத் தானே கூறுவதாக அமைந்தது அது. அந்தச் சாதாரணப் பென்சிலை முழுமையாகச் செய்யத் தெரிந்த மனிதன் உலகில் ஒருவனும் இல்லை. மரம் வெட்டுவோன் முதல் சுரங்கத்தில் உழைப்போன் வரை ஒருவரையொருவர் அறியாத ஆயிரமாயிரம் பேரை, எவருடைய ஆணையும் இன்றி விலை என்னும் ஒன்றே இணைத்து வைக்கிறது என்பது அதன் சாரம். சிறந்த பாடம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே பாடத்தைப் பென்சிலை விட்டுவிட்டு ஒரு பட்டாசைக் கொண்டு நடத்திப் பார்ப்போம். சிவகாசித் தொழிலின் கதை முயற்சியின் கதையே. 1923-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அந்த விதையிலிருந்து தீப்பெட்டியும், பட்டாசும், அச்சுத் தொழிலும் வானம் பார்த்த கரிசல் பூமியில் தழைத்தன. எந்தத் திட்டக் குழுவும் அதனை வரைந்து கொடுக்கவில்லை. வெடியுப்பு ஓரிடத்திலிருந்தும், கந்தகம் ஓரிடத்திலிருந்தும், அலுமினியத் தூள் மற்றோரிடத்திலிருந்தும் வருகின்றன. குழாய் உருட்டுவோர் ஒரு கிராமம். திரி ஏற்றுவோர் வேறொரு கிராமம். வாங்கி வெடிக்கும் பிள்ளை ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருக்கிறது. இவர்கள் அனைவரையும் விலைதான் இணைக்கிறது. பென்சில் பாடம் இதுவரை பழுதின்றிப் பொருந்துகிறது.

இனி, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்துக்கு வருவோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அங்குள்ள பட்டாசு ஆலை ஒன்றில் மருந்துக் கலவையில் எழுந்த தீ, அறை அறையாகப் பரவியது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. பெண்களும் இளம் வயதினரும் அவர்களுள் இருந்தனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகையாக விடப்பட்டிருந்தன என்ற செய்தி அப்போதே வெளிவந்தது. மத்திய அரசு தலைக்கு 2 இலட்சமும் மாநில அரசு 3 இலட்சமும் அறிவித்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அவ்வழக்கைக் கையில் எடுத்தது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட நெருப்பின் நினைவு ஆறுமுன் நேர்ந்தது இது.

இதனைச் சந்தைப் போதகர்கள் முன் வைத்தால் மூன்று விடைகள் வரும். ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்வோம்.

முதல் விடை: ‘இது சந்தையின் குற்றமன்று, அரசின் குற்றம். உரிமம் பெறுவதைக் கடினமாக்கினீர்கள். அதனால் உரிமமே வாடகைப் பொருளாயிற்று. சோதனைக்கு வரும் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.’ இதில் உண்மை உண்டு. அதிகாரியின் மெத்தனத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் உள்குத்தகை என்பது என்ன? விரும்பிக் கொடுப்போனும் விரும்பிப் பெறுவோனும் செய்துகொண்ட பேரம் அன்றோ? அவர்களுடைய இலக்கணப்படி அது சுதந்திரமான ஒப்பந்தம். வெடிபொருளுக்கு உரிமம் வைத்ததன் காரணம் கருவூலத்துக்குக் கட்டணம் சேர்ப்பதன்று. நாளை ஏதேனும் நேர்ந்தால் ‘நான் பொறுப்பு’ என்று சொல்ல ஒரு மனிதன் நிற்க வேண்டும் என்பதே. உள்குத்தகையில் வாடகை ஒருவனுக்குப் போகிறது. இலாபம் இன்னொருவனுக்குப் போகிறது. பொறுப்பு எவனிடத்தும் தங்குவதில்லை. உரிமத்தை எளிதாக்கினால் இந்த நோய் தீரும் என்பதற்கு என்ன உறுதி? பொறுப்பைக் கழற்றி எறிவதில் ஆதாயம் இருக்கும்வரை கழற்றி எறிவோரும் இருப்பர்.

இரண்டாம் விடை: ‘தொழிலாளி விரும்பித்தானே வந்தார்? வேறு வேலைக்குப் போகலாமே?’ வானம் பொய்த்த ஊரில், முன்பணம் வாங்கிய குடும்பத்தில், எத்தனை உருப்படி முடித்தாரோ அத்தனைக்கே கூலி என்னும் முறையில் உழைப்பவரின் விருப்பம் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதை ஒதுக்கிவிட்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பக்கத்து அறையில் எவ்வளவு மருந்து குவிந்திருக்கிறது, அதை எவர் கலக்கிறார் என்று திரி ஏற்றும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஹாயெக் 1945-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் கருத்தே, சிதறிக் கிடக்கும் அறிவை விலை சுமந்து செல்கிறது என்பதுதான். அச்சங்குளத்து ஆபத்தை எந்த விலை சுமந்து சென்றது? அறைக்கு அறை இடைவெளி விட்டு, ஆளெண்ணிக்கை குறைத்து, கூரைக்கும் தரைக்கும் செலவு செய்த ஆலையின் சரவெடியும், எதுவும் செய்யாத ஆலையின் சரவெடியும் கடையில் ஒரே நிறத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. குறைந்த விலைக்குக் கிடைப்பதை மக்கள் வாங்குகின்றனர். ஆக, நல்ல முதலாளியைத் தண்டித்துத் தீய முதலாளிக்குப் பரிசளிக்கும் வேலையையும் அதே விலைதான் செய்தது. பென்சில் கட்டுரையில் இந்தப் பக்கம் இல்லை.

மூன்றாம் விடை: ‘நீதிமன்றத்தில் நட்டஈடு வாங்கட்டும், காப்பீடு எடுக்கட்டும்.’ நல்ல விடை. ஆனால் சொத்தில்லாத உள்குத்தகைதாரனிடம் எதை வசூலிப்பது? இறுதியில் அரசின் கருவூலம் திறந்தது. இலாபம் தனியாருக்கு; இழப்பு ஊருக்கு. இது அவர்கள் போதிக்கும் சுதந்திரச் சந்தையும் அன்று. நாம் விரும்பும் நீதியும் அன்று. அப்படியிருக்க, இதனை அவர்கள் அன்றோ முதலில் எழுந்து கண்டித்திருக்க வேண்டும்?

நம் சமுதாயத்துக்கு இவ்விஷயத்தில் வேறொரு பாடமும் வாய்த்திருக்கிறது. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்டினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. எவருக்கும் அநீதி இழைத்தவராகத் தம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்னும் பொருள்பட மறுமொழி கூறினார்கள். சந்தைப் போதகர்கள் இந்நிகழ்ச்சியைக் கேட்டால் மகிழ்வர். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் நடந்து சென்று, ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கக் கண்டு, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று விற்றவரைக் கடிந்துகொண்டார்கள். விலையில் தலையிட மறுத்தவர்கள்தாம் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தார்கள். இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் படித்த நம் முன்னோர், விலையை வணிகரிடம் விட்டனர். அளவையும் நிறுவையும் மறைந்திருக்கும் கேட்டையும் சோதிக்க முஹ்தஸிப் என்னும் கடைவீதிக் கண்காணிப்பாளரை அமர்த்தினர். அச்சங்குளத்தில் மறைந்திருந்த ஈரம் உள்குத்தகை. அதற்குள் கை விட்டுப் பார்க்க ஆளில்லாமற் போயிற்று.

நிற்க. விருதுநகர்ச் சீமையே சந்தைப் போதகர்களுக்கு மற்றொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அந்நகரத்து நாடார் வணிகப் பெருமக்கள் தம் வியாபாரத்தின்மீது தாமே ‘மகமை’ என்னும் வரி விதித்துக்கொண்டு பொதுக் காரியங்கள் நடத்தினர். வீடுதோறும் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் வளர்த்தனர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததே. ‘பார்த்தீர்களா, அரசின்றியே கல்வி!’ என்று அவர்கள் கூறலாம். ஆம், ஆனால் விலையின்றியும்தான். மகமை என்பது கொடுக்கல் வாங்கல் அன்று, கட்டுப்பாடு. அந்தப் பள்ளியில் பயின்றவரே முதலமைச்சராகி, 1956-இல், அதாவது பம்பாயில் அந்த மன்றம் தோன்றிய அதே ஆண்டில், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தம் ஊர்ப் பிடியரிசி எட்டாத குழந்தைகள் நாடெங்கும் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

சிவகாசிக் குழந்தைகளின் கதையும் அதனைச் சார்ந்ததே. அவர்களுடைய மலிவான விரல்களைத் தீப்பெட்டியிலிருந்தும் பட்டாசிலிருந்தும் விலை விடுவிக்கவில்லை. 1986-இன் சட்டமும், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அத்தீர்ப்பின்படி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்ற கட்டளையும், பள்ளிச் சோறும் சேர்ந்து அப்பணியைச் செய்தன. வருவாய் பெருகியதும் துணை நின்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வருவாய் பெருகும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தால், ஒரு தலைமுறை மருந்துத் தூளிலேயே முடிந்திருக்கும்.

இறுதியாக ஒன்று. இந்நிறுவனங்களில் உழைப்போரின் ஊதியம் எங்கிருந்து வருகிறது? அவர்கள் வழங்கும் பாடத்தை மாணவன் முழு விலை கொடுத்து வாங்குவதில்லை. நன்கொடையாளர் அளிக்கும் பொருளால் அது நடைபெறுகிறது. நம் மொழியில் சொன்னால் அது வக்பைப் போன்றது. இதனை நாம் ஏளனமாகச் சுட்டவில்லை. சந்தையில் விலைபோகாத ஒன்றும் உலகுக்குத் தேவைப்படலாம், அதனை மனமுவந்து தாங்குவோர் வேண்டும் என்பதற்கு அவர்களுடைய வாழ்க்கையே சான்று என்கிறோம். தம் வாழ்க்கையால் ஒப்புக்கொள்ளும் உண்மையைத் தம் பாடத்தில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

ஆகவே அவர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. உங்கள் முகாம்களை மூடச் சொல்லவில்லை. பென்சில் பாடத்தை நடத்துங்கள். அடுத்த நாள் அச்சங்குளத்துப் பாடத்தையும் நடத்துங்கள். குளிரூட்டிய அரங்கத்தில் மட்டுமன்றிச் சாத்தூரிலும் சிவகாசியிலும், நல்ல தமிழில் நடத்துங்கள். உரிம முறையைச் சீர்திருத்த நூல் எழுதுங்கள். அதில் பொறுப்பு எவரிடம் நிற்க வேண்டும் என்பதற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். உள்குத்தகையின் தீமையை முதலாளிகளின் முன்னிலையிலேயே எடுத்துரையுங்கள். நன்கொடை குறையினும் உரையுங்கள். எம்.ஆர். பாய் வங்கிகளிடம் வாதாடியதுபோல், திரி ஏற்றும் பெண்களுக்காகவும் வாதாட உங்களில் ஒருவர் எழட்டும்.

நம் இல்லத்துப் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகள் அம்முகாம்களிலிருந்து திரும்பும்போது அவர்களைத் தடுக்கவோ பழிக்கவோ வேண்டா. அவர்கள் கற்று வந்ததைப் பொறுமையுடன் கேளுங்கள். கேட்டு முடித்தபின், ‘குவியலுக்குள் கை விட்டுப் பார்க்கும் பாடம் எந்த நாளில் நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.