சேற்றில் பிறந்த சாலை



போன வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அமெரிக்க வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், பணக்கார நாடாச்சே! அங்கே ரோடெல்லாம் ஆரம்பத்திலிருந்தே நல்லாத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்டாள். மழைக்காலத்தில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, செம்மண் சேற்றில் நடந்து வருகிற பிள்ளை அவள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா என்றொரு மாநிலம் இருக்கிறது. கிழக்கு எல்லையில் மிசிசிப்பி ஆறு, மேற்கு எல்லையில் மிசூரி ஆறு. இடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளக் காடு. அங்குள்ள கறுப்பு மண் விளைச்சலுக்கு வரம், சாலைக்கோ சாபம்! மழை பெய்தால் அது பசையாகிவிடும். சக்கரத்தைக் கவ்வினால் விடாது. புதைந்த மோட்டார் வண்டியை இழுக்க உழவுக் குதிரையைத்தான் கொண்டுவர வேண்டும்.

1912ஆம் ஆண்டில் கார்ல் ஃபிஷர் என்ற தொழிலதிபருக்கு ஓர் எண்ணம் உதித்தது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே சாலை வேண்டும் என்றார். மறு ஆண்டே அதற்கென ஒரு சங்கம் அமைந்தது. நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சுமார் 5,400 கிலோமீட்டர். அடிமைத்தளையை அறுத்த ஆப்ரகாம் லிங்கன் பெயரால் அதை 'லிங்கன் நெடுஞ்சாலை' என்றார்கள். அயோவாவில் அது கிளிண்டன் நகரில் நுழைந்து, சீடார் ரேப்பிட்ஸ், மார்ஷல்டவுன், ஏம்ஸ், டெனிசன் வழியாகக் கவுன்சில் பிளஃப்ஸ் போய்ச் சேர்ந்தது.

பெயர்தான் பெரிது, காலடியில் அதே சேறுதான்! அப்படியானால் சாலையைச் சீர்செய்தது யார்? பக்கத்து மாநிலத்து விவசாயி டி. வார்டு கிங் ஒரு வழி காட்டியிருந்தார். ஒரு மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, மழைவிட்டு ஈரம் காயுமுன் குதிரை பூட்டிச் சாய்வாக இழுக்க வேண்டும். மண் நடுவே ஒதுங்கி மேடாகும். தண்ணீர் இருபுறமும் வடிந்துவிடும். அவ்வளவுதான் கருவி! அயோவா விவசாயிகள் தங்கள் நிலத்தின் ஓரத்துச் சாலையை இப்படித்தான் இழுத்துச் சமன்செய்தார்கள்.

சங்கத்தார் இன்னொரு தந்திரமும் செய்தார்கள். சேற்றுச் சாலையின் நடுவில் ஒரே ஒரு மைலுக்கு மட்டும் சிமெண்டுத் தளம் போட்டுக் காட்டினார்கள். அதற்கு 'நாற்று மைல்' என்று பெயர். சீடார் ரேப்பிட்ஸ் அருகிலும் ஒன்று இருந்தது. அந்த ஒரு மைலில் வண்டி ஓட்டியவன் மீதி மைல்களையும் கேட்பான் அல்லவா? டாமா என்ற சிற்றூரிலோ 1915ல் கட்டிய பாலத்தின் கைப்பிடிச் சுவரிலேயே சாலையின் பெயரைச் சிமெண்டு எழுத்துகளாக வார்த்து வைத்தார்கள். அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது.

1919ல் இராணுவ வண்டிகள் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு, பெரும்பாலும் இந்தச் சாலை வழியாகவே சான் பிரான்சிஸ்கோவை அடைந்தன. பயணத்துக்கு 62 நாட்கள் பிடித்தன! அதில் சென்றவர்களில் ஐசனோவர் என்ற 28 வயது அதிகாரியும் ஒருவர். பின்னாளில் அவர் அதிபரானார். 1956ல் நாடெங்கும் விரைவுச்சாலை அமைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான்.

இனித்தான் கதையின் மறுபக்கம். 1926ல் அந்தப் பழைய சாலையின் பெரும்பகுதிக்கு 30 என்று எண் கொடுத்தார்கள். அயோவாவைக் குறுக்காகக் கடக்கும் 80ஆம் எண் விரைவுச்சாலை 1972ல் முழுமை பெற்றது. ஆனால் அது பழைய பாதைக்குத் தெற்கே, தலைநகர் டி மொய்ன் வழியாகப் போனது. தூர தேசத்து வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பின. மரத்தைப் பிளந்து சேற்றை இழுத்தவர்களின் ஊர்களில் சாப்பாட்டுக் கடைக்காரரும் பெட்ரோல் கடைக்காரரும் சாலையைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

புதுச்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சிறு வயதில், காய்ச்சலில் கிடந்த தம்பியை ஏற்றிப்போன லோரி நடுராத்திரியில் சேற்றில் புதைந்தது. விடியும்வரை அம்மா அவனை மடியில் வைத்து அழுததை நான் மறக்கவில்லை. சாலை என்பது உயிர். ஆனால் அது எந்த வழியாகப் போகிறது என்பதும் உயிர்ப் பிரச்சினைதான்.

ஆகவே பெற்றோர்களே, நம் பக்கம் சாலை போட அளவெடுக்க வந்தால், "நம் குடியிருப்புக்குக் கிளைவழி உண்டா? பள்ளிக்கூடத்துக்கு வழி எங்கே?" என்று கேளுங்கள். கூட்டம் போட்டால் வேலைக் களைப்பைப் பாராமல் போய் உட்காருங்கள். வரைபடத்தில் கோடு கிழிக்கும்போது வாயைத் திறக்காவிட்டால், தார் ஊற்றிய பிறகு பேசிப் பயனில்லை.