அத்தர் பூசினால் வாடை போகுமா?



மத்ரஸாவில் ஓதிய தஹாரத் பாடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இரண்டு குல்லத்து அளவுள்ள தண்ணீரில் நஜீஸ் விழுந்து வாடை மாறிவிட்டது. அந்த வாடை தானாக நீங்கினாலும், மேலும் தண்ணீர் ஊற்றி நீங்கினாலும் தண்ணீர் சுத்தமாகிவிடும். ஆனால் கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டு வாடை தெரியாமல் செய்தால் அது சுத்தமாகாது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் இந்தச் சட்டம் உண்டு. காரணம் எளிது: வாடை போகவில்லை, மறைந்திருக்கிறது.

இதை இம்மாதம் நம் வீட்டுக் கார்களுக்காக நினைவூட்டுகிறேன்.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய கார்கள் பல குடும்பங்களில் இன்னும் உழைக்கின்றன. அவற்றில் ஏறியதும் பெற்றோல் மணக்கிறது. “பழைய வண்டி, அப்படித்தான்” என்று சொல்லி, வாசனைப் போத்தல் ஒன்றைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறோம். சகோதரிகளே, கார் பழையதானாலும் உள்ளே பெற்றோல் மணக்கக் கூடாது. மணக்கிறது என்றால் எங்கோ கசிகிறது.

பெற்றோல் தீப்பற்றுவதற்குச் சூடு தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தரையாகப் பரவும். கார் நிறுத்தும் இடம் குசினியை ஒட்டியிருந்தால் அடுப்பு நெருப்பும், வியாழன் இரவுச் சாம்பிராணிச் சட்டியும், ஒரு சுவிட்சின் பொறியும் போதும். பெற்றோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும் உறுதியானது.

கசிவைத் தேட முதலில் உங்கள் மூக்கே போதும். எப்போது மணக்கிறது என்று கவனியுங்கள்.

முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் கான்களில் பெற்றோல் சேமித்த பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கலாம். கானோ பெற்றோல் துடைத்த துணியோ இருந்தால் அகற்றுங்கள்.

தாங்கியை நிரப்பிய பின் மணந்தால் மூடியின் றப்பர், பெற்றோல் ஊற்றும் வாயிலிருந்து தாங்கிக்குப் போகும் குழாய், தாங்கியின் மேலுள்ள அளவுமானியின் றப்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அளவுமானி பல கார்களில் பின் ஆசனத்தின் அடியிலேயே இருக்கிறது. அதாவது பிள்ளைகள் உட்காரும் இடத்துக்குக் கீழே.

காலையில், வண்டியைக் கிளப்பு முன்பே மணந்தால் இரவில் சொட்டுகிறது. மாலையில் வண்டியின் கீழே கடதாசி மட்டையை விரித்து வைத்து, விடிந்ததும் பாருங்கள். பெற்றோல் எண்ணெயைப் போலத் தேங்கி நிற்காது, விரைவில் காய்ந்துவிடும். காய்ந்து வெடித்த றப்பர்க் குழாய்களும் தளர்ந்த கிளிப்புகளுமே பெரும்பாலும் காரணம்.

என்ஜின் ஓடும்போதும் காற்றுவிசிறியைப் போடும்போதும் மணந்தால் பொனட்டுக்குள் தேட வேண்டும். காபரேட்டர் உள்ள கார்களில் மிதவையின் ஊசி சிக்கிக்கொண்டால் பெற்றோல் நிரம்பி வழியும். என்ஜினோடு பொருத்திய பழைய பம்பின் உட்சவ்வு கிழிந்தால் பெற்றோல் என்ஜின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்து முகர்ந்தால் தெரியும். அப்படியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். இன்ஜெக்டர் கார்களில் அழுத்தம் அதிகம். சிறு வெடிப்பும் பெற்றோலைப் பீச்சியடிக்கும்.

தேடும்போது வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும், என்ஜின் ஆறியிருக்கட்டும். தீக்குச்சியோ சிகரெட்டோ அருகில் வேண்டாம். டோர்ச்சைத் தூரத்திலேயே எரியவிட்டுக் கொண்டு வாருங்கள். சொட்டுவதைக் கண்டால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். நீங்கள் கவனித்த நேரத்தைச் சொன்னால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். மாற்றும் குழாய் பெற்றோலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாயைச் சொருகினால் அது ஊறிப் பழுதாகி மீண்டும் கசியும்.

இரவில் உறங்கு முன் விளக்கை அணைத்துவிடுமாறு ஏவினார்கள் நமது நபி (ஸல்) அவர்கள். வீட்டில் நெருப்புப் பற்றிவிடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறை அது. ஷரீஅத் பாதுகாக்க வந்த ஐந்து விடயங்களில் மார்க்கத்துக்கு அடுத்ததாக உயிரை வைத்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

எனவே “பெற்றோல் மணக்கிறது” என்று நீங்கள் கணவரிடம் சொல்வது குறை கூறுவதாகாது, அது நஸீஹத். சகோதரர்களே, மனைவி சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள். அத்தர் தெளித்து அந்த வண்டியை இன்னொருவரின் தலையில் கட்டவும் எண்ணாதீர்கள். விற்கும் பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்வது விற்பவரின் கடமை.

பிள்ளைகள் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். நாளைக் காலை அவர்களை ஏற்று முன், வாசனைப் போத்தலைக் கழற்றிவிட்டு ஒரு முறை முகர்ந்து பாருங்கள். அல்லாஹ் நம் எல்லாரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.