கோயில் வாசல்ல விட்டா புண்ணியமா?

கொஞ்சம் நீளமான பதிவு இது. முழுசா படிச்சிட்டு அப்புறம் எங்களைத் திட்டுங்க.

ஆடி மூணாவது வெள்ளி, விடியற்காலை அஞ்சு மணி. கூழ் காய்ச்ச அடுப்பு மூட்ட வந்தோம். செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு அட்டைப்பெட்டி. அன்னதானத்துக்கு யாரோ காய்கறி உபயம் வச்சிட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சோம். திறந்து பார்த்தா பழைய வேட்டித் துணி, அதுக்குள்ள அஞ்சு பூனைக்குட்டி. ஒண்ணுக்கும் கண் திறக்கல. தொப்புள் கொடி காஞ்சு வயித்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பெட்டி மூலையில நாலா மடிச்ச ஒரு பத்து வெள்ளி நோட்டு.

அந்தப் பத்து வெள்ளிதான் எங்களை இந்தப் பதிவை எழுத வச்சது. வச்சவர் கெட்ட எண்ணத்தோட வைக்கல, அது எங்களுக்குப் புரியுது. பாவம் தன்மேல ஒட்டக்கூடாதுன்னு காணிக்கை மாதிரி வச்சிட்டுப் போயிருக்கார். வீட்டுக்குப் போய் குளிச்சு, விபூதி பூசி, மனசு லேசாகி தூங்கியும் இருப்பார். அவருக்கும், அவரை மாதிரி கிள்ளான்ல, பிரிக்ஃபீல்ட்ஸ்ல, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க கோயில் வாசல்ல குட்டிகளை விட்டுட்டுப் போறவங்களுக்கும்தான் இதைச் சொல்றோம். உங்க குட்டிகள்ல ரெண்டு செத்துப் போச்சு.

எப்படிச் செத்துச்சுன்னும் தெரிஞ்சுக்கணும். அந்த வயசுக் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. தாய் வயித்தோட ஒட்டிக் கிடந்தாதான் உயிர் நிக்கும். ராத்திரி பெட்டியை வச்சிருக்கீங்க, அன்னைக்கு மழை வேற. நாங்க தொட்டப்போ ஒண்ணு சில்லுனு இருந்துச்சு. அது மத்தியான பூசைக்கு முன்னாடியே போயிடுச்சு. மிச்ச நாலையும் ஒரு தங்கச்சி தன் பிளாட்டுக்குத் தூக்கிட்டுப் போனா. சுடுதண்ணி போத்தலைத் துண்டுல சுத்திப் பக்கத்துல வச்சு, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பூனைக்குட்டிக்குன்னே விக்கிற பால் மாவைக் கரைச்சு, சொட்டுச் சொட்டா கொடுத்தா. மல்லாக்கப் படுக்க வச்சுக் கொடுத்தா பால் நுரையீரலுக்குப் போயிடும், அதனால குப்புற வச்சுத்தான் கொடுக்கணும். கொடுத்து முடிச்சதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால பின்பக்கத்தைத் தடவி விடணும். தாய் நக்கி விடாம அதுக்குச் சிறுநீர்கூடத் தானா வராது. நாங்க ஆறு பேர் முறை வச்சு ராக்கண் முழிச்சோம். எல்லாரும் காலையில வேலைக்குப் போறவங்க. மூணாம் நாள் இன்னொண்ணும் போச்சு.

ஒரு தாய்ப்பூனை காசு வாங்காம செய்யற வேலை இது. அந்தத் தாய் இப்போ எங்கே இருக்கு? உங்க வீட்டுலதான். மடியில பால் கட்டிக்கிட்டு, கட்டிலுக்கு அடியிலயும் அலமாரிக்குப் பின்னாலயும் தேடிக் கத்திக்கிட்டு இருந்திருக்கும். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

“கோயில்ல விட்டா சாமி பாத்துக்கும்.” இதைத்தான் எல்லாரும் சொல்றீங்க. சரி, சாமி வழியாவே பேசுவோம்.

நூறு வருஷம் தாண்டின பெருமாள் கோயில் இருக்கிற ஊர்க்காரங்க நாம. வைணவத்துல சரணாகதியைப் பத்திச் சொல்லும்போது ரெண்டு உதாரணம் சொல்வாங்க. ஒண்ணு மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடிச்சுக்கிற மாதிரி, பக்தன் இறைவனைப் பிடிச்சுக்கணும்னு வடகலையார் சொல்வாங்க. இன்னொண்ணு மார்ஜார நியாயம். பூனைக்குட்டி எதையும் பிடிக்கிறதில்ல. தாய்தான் அதைக் கழுத்துல கவ்வி இடம் இடமாத் தூக்கிட்டுப் போகும். இறைவன் நம்மை அப்படித்தான் காப்பாத்தறான்னு தென்கலையார் சொல்வாங்க. யோசிச்சுப் பாருங்க, இறைவனோட கருணைக்கு நம்ம பெரியவங்க எடுத்துக்கிட்ட உருவமே ஒரு தாய்ப்பூனை. நீங்க அந்தத் தாயோட வாயிலிருந்து குட்டியைப் பிடுங்கி, இறைவன் பேரைச் சொல்லி வாசல்ல போட்டிருக்கீங்க. இதைச் சரணாகதின்னு சொல்ல முடியுமா?

வங்காளத்துல குழந்தைகளைக் காக்கிற சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். பூனையைக் கொன்னா பெரும்பாவம்னு நம்ம பாட்டிங்க சொல்லிக் கேட்டிருக்கோம். அந்தப் பயம் மட்டும் நமக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையால கொல்லக் கூடாது, அதனால தானா சாகிற இடத்துல கொண்டுபோய் வைக்கலாம்னு ஒரு சந்து கண்டுபிடிச்சு வச்சிருக்கோம்.

கோயில் ஒரு பூனைக்குட்டிக்கு எப்படிப்பட்ட இடம்னு தினமும் பார்க்கிற எங்களைக் கேளுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரிவர்ஸ் எடுக்கிற காடிங்க. மடப்பள்ளியில கொதிக்கிற அண்டா. மூடியில்லாத சாக்கடை. ராத்திரி சுத்தற தெருநாய்ங்க. தேர் அன்னைக்குக் காலடி வைக்க இடமில்லாத கூட்டம். தீபாவளி வெடி. இதோட நம்ம அன்பு வேற. அபிஷேகத்துக்கு வாங்கின பாக்கெட் பாலைத் தட்டுல ஊத்திட்டு “குடி செல்லம்”னு சொல்லிட்டுப் போவாங்க. பசும்பால் குட்டிக்குச் செரிக்காது. வயித்தால போகும், உடம்புல தண்ணி வத்தும், ரெண்டு நாள்ல போயிடும். சிலர் பொங்கலும் தயிர்சாதமும் வைப்பாங்க. பூனை மாமிசம் தின்னே ஆகவேண்டிய பிராணி. மாமிசத்துல கிடைக்கிற டாரின் சத்து இல்லைன்னா அதுக்குக் கண்ணு போகும், இதயம் கெடும். நம்ம சைவம் நமக்குச் சரி, பூனை மேல திணிக்க முடியாது. வளாகத்துக்குள்ள மீன் வாசம் கூடாதுன்னு பெரியவங்க சொல்றதும் நியாயம்தான். அதனாலதான் ஏற்கனவே இங்க இருக்கிற பெரிய பூனைங்களுக்கு வெளிக் கேட்டுக்கு அப்பால, பின்சந்துல வச்சு, தின்னு முடிச்சதும் தட்டைக் கழுவி எடுத்திடறோம். ஆக, ஒரு பூனை வளர்றதுக்குக் கோயில் பொருத்தமான இடமே இல்ல.

எங்க பக்கத்து ஆளுங்களையும் விடப்போறதில்ல. கோயில் ஆளுங்க சிலர் சொன்ன யோசனை இது: “சாக்குல போட்டு பாசார் பக்கம் விட்டுடுங்க, மீன் தலை தின்னு பிழைச்சுக்கும்.” இதைச் சொன்னவங்க நல்லவங்க, உண்டியல் காசுல ஒரு சென் தொடாதவங்க. ஆனா பெட்டி வச்சவர் செஞ்சதும் நீங்க செய்யச் சொல்றதும் ஒரே காரியம்தான். வாசல் மட்டும்தான் வேற.

2018 செப்டம்பர்ல கோம்பாக்ல ஒரு சுயசேவை சலவைக் கடையில, கர்ப்பமா இருந்த பூனையைத் துணி காயவைக்கிற மெஷின்ல போட்டுக் கொன்னாங்க. கேமராவுல பதிவான அந்தக் காட்சியைப் பார்த்து நாடே கொதிச்சது. நம்ம ஆளுங்களும் கோவமா பகிர்ந்தோம். அந்த வழக்குல ஒருவருக்கு 2019 நவம்பர்ல செலாயாங் செஷன்ஸ் நீதிமன்றம் 34 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2017 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த 2015 விலங்குநலச் சட்டத்துல, பிராணிக் கொடுமைக்குக் குறைஞ்சது 20,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம், இல்லைன்னா மூணு வருஷம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். வளர்க்கிறவர் தன் பிராணியோட தேவையைக் கவனிக்கிறது கடமைன்னும் அதே சட்டம் சொல்லுது. மெஷின்ல போட்டவனை மிருகம்னு திட்டினோம். மழையில பெட்டியில வச்சா மட்டும் புண்ணியமா? செத்த குட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதானே.

மிச்சம் மூணு குட்டி. ஒம்போதாம் நாள் கண் திறந்துச்சு. ஒரு கறுப்பு, ரெண்டு சாம்பல் வரி. நல்ல வீடு தேடற வேலை அப்புறம்தான் ஆரம்பிச்சது, அதுலதான் மனுஷங்களைப் பார்த்தோம். வாட்சப்புல படம் போட்ட அன்னைக்கே முப்பது பேர் “ஐயோ செல்லம்”னாங்க. எடுத்துக்கிறீங்களான்னு கேட்டா ஆளைக் காணோம். ஒருத்தர் முழு வெள்ளை இருக்கான்னார். ஒருத்தர் வால் நுனி முடிச்சா இருக்கே, ஊனமான்னார். இந்த நாட்டுப் பூனைகள்ல பாதி வால் அப்படித்தான் இருக்கும், பிறவி அமைப்பு. கறுப்பு வீட்டுக்கு ஆகாதுன்னு பல பேர் சொன்னாங்க. கறுப்பு மட்டும்தான் வேணும், எதுக்குன்னு கேட்காதீங்கன்னு ஒருத்தர் சொன்னார். அவர் நம்பரை உடனே தடுத்துட்டோம். மகள் பிறந்தநாளுக்குப் பரிசா வேணும்னு ஒரு அம்மா கேட்டாங்க. பதினஞ்சு வருஷம் பார்த்துக்குவீங்களாம்மான்னு கேட்டோம், போனை வச்சிட்டாங்க.

இவ்வளவு கேள்வி கேட்கிறதுக்குக் கோவப்பட்டவங்களும் உண்டு. “தானமா கொடுக்கிற பூனைக்கு இன்டர்வியூவா?” ஆமாங்க, தானமா கொடுக்கிறதாலதான் கேட்கிறோம். கொண்டோவுல பதினாலாவது மாடின்னா பால்கனிக்கு வலை இருக்கா? வாடகை வீடுன்னா வீட்டுக்காரர் சம்மதிச்சாரா? பலகாரைக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க? ஊசி போட, கருத்தடை செய்யச் சம்மதமா? ஒரு மாசம் கழிச்சு நாங்க வந்து பார்க்கலாமா? இந்த அஞ்சுக்கும் நிதானமா பதில் சொல்றவங்க வீடு நல்ல வீடுன்னு அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டோம்.

சாம்பல் ரெண்டும் சேர்ந்தே பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டுக்குப் போச்சு. கறுப்புக்குட்டியை யாரும் தொடல. கடைசியில எங்க கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு மாச்சிக் வந்து எடுத்துக்கிட்டாங்க. கேட்காமலே ஊசி அட்டையைக் கையில வாங்கி தேதியைப் பார்த்தாங்க. உடனே குரூப்ல ஒரு கேள்வி வந்துச்சு: “நம்ம கோயில் குட்டியை ஏன் அவங்களுக்குக் கொடுத்தீங்க?” பதில் இங்கேயே சொல்லிடறோம். ஆறு வாரம் படம் போட்டோம். நீங்க யாரும் கேட்கல, அவங்க கேட்டாங்க. பூனைமேல அந்த வீட்டுல இருக்கிற பிரியத்துல கால்வாசி நம்மகிட்ட இருந்தா இந்தப் பெட்டியே வந்திருக்காது.

இப்ப அசல் விஷயம். வீடு தேடறது முடிவில்லாத வேலை, தாய்க்குக் கருத்தடை செய்யாத வரைக்கும். நாலு அஞ்சு மாசத்துலேயே ஒரு பெண்பூனை கருவுறும். ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேல சுமக்கும். பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி கருவுறவும் வாய்ப்பிருக்கு. நீங்க குட்டியைத் தூக்கிட்டு வந்ததால அது இன்னும் சீக்கிரமா ஆணைத் தேடிப் போகும். அடுத்த பெட்டி தயாராகிக்கிட்டு இருக்கு.

“கருத்தடை பாவம், இயற்கைக்கு விரோதம்”னு சொல்றீங்க. வருஷம் ரெண்டு ஈத்து போட வச்சு, எல்லாத்தையும் தெருவுல சாகவிடறது எந்த இயற்கை? அதுல பாவம் இல்லையா? அம்பாங்ல இருக்கிற சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ.வுல ‘கிளினிக் கெம்பிரி’ன்னு குறைஞ்ச கட்டணத்துல கருத்தடை செய்யவே ஒரு கிளினிக் நடத்தறாங்க. உங்க தாமான் பக்கத்துக் கால்நடை கிளினிக்லயும் கேட்டுப் பாருங்க. ஒரு தடவை செலவு. அப்புறம் அந்தப் பூனைக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

“மனுஷனுக்கே சோறில்ல, பூனைக்கு என்ன?” இதையும் கேட்டீங்க. அன்னைக்குக் கூழ் ஊத்தினதும் நாங்கதான், ராத்திரி குட்டிக்குப் பால் ஊத்தினதும் நாங்கதான். ஒண்ணைச் செஞ்சதால இன்னொண்ணு குறையல. உண்டியல் காசையும் தொடல, எங்க சொந்தக் காசுதான். வள்ளலார் 1867-ல வடலூர்ல தருமசாலை தொடங்கினார், அந்த அடுப்பு இன்னைக்கும் எரியுது. பசிச்சவங்களைக் கூட்டிட்டுப் போய் இன்னொருத்தர் வாசல்ல உட்கார வச்சிட்டு அவர் திரும்பல. ஜீவகாருண்யம்னு மேடையில பேசற நாம அதை மறந்துடக்கூடாது.

உங்ககிட்ட நாங்க கேட்கிறது இவ்வளவுதான். உங்க வீட்டுல குட்டி போட்டிருந்தா, தாயோடவே எட்டு வாரம் வச்சிருங்க. ஒரு பெட்டி, ஒரு பழைய துண்டு, தாய்க்கு நல்ல தீனி போதும், மிச்சத்தை அது பார்த்துக்கும். ஆறு எட்டு வாரத்துல முதல் ஊசி. குட்டிங்க பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை. அதுக்குள்ள எங்ககிட்ட சொல்லுங்க. படம் எடுக்கிறோம், வீடு தேடறோம், கேள்வி கேட்கிறோம், ஆஸ்பத்திரிக்குக் காடியும் எடுக்கிறோம். பணம் இல்லைன்னா கூச்சப்படாம அதையும் சொல்லுங்க, சேர்ந்து பார்ப்போம். ராத்திரி திருட்டுத்தனமா வர வேண்டாம். பகல்ல, முகம் காட்டி வாங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.

பத்து வெள்ளி வச்ச அன்பரே, அந்த நோட்டு எங்ககிட்ட அப்படியே இருக்கு. உண்டியல்ல போட மனசு வரல. உங்க வீட்டுத் தாய்ப்பூனையைத் தூக்கிட்டு வாங்க. அதோட கருத்தடைச் செலவுக்கு முதல் காசா அதையே வைக்கிறோம். பேர்கூடக் கேட்க மாட்டோம்.

தொண்டர்கள் சார்பில். பகிருங்கள்.